கேமரா இல்லை... பழைய ஃபிலிமைக் கழுவி வண்ணம் தீட்டினார்! ஆஸ்கர் வரை போன நார்மன் மெக்லாரன் கதை

உங்க போன்ல ஒரு வீடியோவை அழிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு தட்டு, 'டெலிட்', முடிஞ்சது. அழிச்ச இடத்துல என்ன மிஞ்சும்? ஒண்ணுமில்லை, கொஞ்சம் ஸ்டோரேஜ்தான்.

ஆனா, 1933-ல் ஸ்காட்லாந்தில் ஒரு கல்லூரி மாணவர் ஒரு சினிமாவை அழித்தபோது, அவர் கையில் மிச்சமிருந்தது கண்ணாடி மாதிரி பளிச்சென்ற ஒரு நீளமான ஃபிலிம் சுருள். அதன் மேல்தான் தன் முதல் வண்ணப் படத்தை வரைந்தார். கேமரா இல்லை, லென்ஸ் இல்லை, நடிகர்கள் இல்லை. பிரஷ், மை, பொறுமை. அவ்வளவுதான்.

அவர் பெயர் நார்மன் மெக்லாரன். பின்னாளில் ஆஸ்கரும் கான் விருதும் வென்ற படங்களை எடுத்தவர். இன்னிக்கு நீங்க ரீல்ஸில் பார்க்கிற 'ஸ்டாப் மோஷன்' வித்தைகள் பலவற்றுக்கும் அவர் ஒரு முன்னோடி.

பெயின்டர் வீட்டுப் பிள்ளை

1914 ஏப்ரல் 11. ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் நகரத்தில் பிறந்தார் மெக்லாரன். அப்பாவுக்கு வீடுகளுக்கு பெயின்ட் அடித்து அலங்கரித்துக் கொடுக்கும் தொழில். 1932-ல் கிளாஸ்கோ கலைப் பள்ளியில் சேர்ந்தார். எடுத்த பாடம், இன்டீரியர் டிசைன். மனசு போனது சினிமா பக்கம்.

அந்தக் காலத்தில் ஃபிலிம் சொசைட்டிகள் வழியாக ரஷ்யப் படங்களும் ஜெர்மன் பரிசோதனைப் படங்களும் அங்கே வந்தன. ஆஸ்கர் ஃபிஷிங்கர் என்ற ஜெர்மன் கலைஞர், கதை எதுவும் இல்லாமல் வடிவங்களை மட்டும் இசைக்கு ஏற்ப ஆடவிட்ட படங்களைப் பார்த்தார் மெக்லாரன். தன் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த விஷயம் இதுதான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எடுக்கத்தான் கேமரா இல்லை.

நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? காசு சேர்ந்த பிறகு பார்த்துக்கலாம்னு விட்டிருப்பீங்க. மெக்லாரன் வேறு கணக்குப் போட்டார். தியேட்டரில் திரையில் விழுவது என்ன? ஃபிலிம் வழியாக வரும் ஒளி. அந்த ஃபிலிமில் படம் கேமரா வழியாகத்தான் வந்து உட்கார வேண்டும் என்று யார் சொன்னது? நேரடியாக அதன் மேலேயே வரைந்தால்?

வரைய வெற்று ஃபிலிம் வேண்டும். கையில் கிடைத்தது, தியேட்டரில் ஓடி ஓடித் தேய்ந்துபோன பழைய 35 எம்எம் பிரின்ட். அதில் ஏற்கெனவே யாரோ எடுத்த காட்சிகள் இருந்தன. முதலில் அதை அழித்தாக வேண்டும்.

படம் எங்கே ஒட்டியிருக்கு?

ஃபிலிம் பிரின்ட் பார்க்க ஒரே பட்டை மாதிரி தெரியும். உண்மையில் அது இரண்டு அடுக்கு. அடியில் இருப்பது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பட்டை. அதன் மேல் மெல்லிய ஜெலட்டின் பூச்சு. ஜெல்லி மிட்டாயில் இருக்குமே, அதே ஜெலட்டின்தான். இந்தப் பூச்சுக்குப் பெயர் எமல்ஷன். கறுப்பு வெள்ளைப் படத்தில், இந்த ஜெலட்டினுக்குள் சிக்கியிருக்கும் நுண்ணிய வெள்ளித் துகள்கள்தான் படம். துகள்கள் நெருக்கமாக இருந்தால் கறுப்பு. இல்லாத இடம் வெளிச்சம்.

இதை அழிக்க இரண்டு வழி. ஒன்று, ஜெலட்டினையே மொத்தமாக உரித்துவிடுவது. தண்ணீரில் நீண்ட நேரம் ஊறினால் ஜெலட்டின் ஊதி, இளகும். மெக்லாரன் செய்தது இதுதான். குளிக்கும் தொட்டியில் பிரின்ட்டை ஊறப்போட்டு, காட்சிகளைக் கழுவி எடுத்தார். இன்று பரிசோதனைப் படம் எடுப்பவர்கள் இதே வேலைக்கு வீட்டில் இருக்கும் ப்ளீச்சிங் திரவத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதில் இருக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் ஜெலட்டினைச் சிதைத்துவிடும். படம் வழுவழுவென்று கழன்று கையோடு வந்துவிடும்.

இரண்டாவது வழி இன்னும் நுட்பமானது. ஜெலட்டினை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் வெள்ளியை மட்டும் கரைப்பது. டார்க் ரூமில் இதற்குப் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும், 'ஹைப்போ' எனப்படும் சோடியம் தயோசல்ஃபேட்டும் சேர்ந்த கரைசல் உதவும். கறுப்பு மெல்ல மெல்ல வெளுக்கும். எவ்வளவு வெளுக்க வேண்டுமோ அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

எதுக்கு இந்த வித்தியாசம்னு கேட்கறீங்களா? வண்ணம் தீட்டும்போதுதான் தெரியும். ஜெலட்டின் இருந்தால், தண்ணீரில் கரையும் சாயத்தைப் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். ஜெலட்டின் போய்விட்டால் வெறும் பிளாஸ்டிக். தண்ணீர்ச் சாயம் அதில் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும், ஒட்டாது. அங்கே ஸ்பிரிட் கலந்த மையோ, மார்க்கர் பேனாவோதான் கைகொடுக்கும்.

கலர் பிரின்ட்டை ப்ளீச் செய்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும். அதில் மூன்று நிற அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும். மேல் அடுக்கு மட்டும் போனால் இருட்டான காட்சி பச்சையாகும். அடுத்ததும் போனால் மஞ்சள். மூன்றும் போனால் வெறும் வெளிச்சம். பழைய படங்களில் கோடு விழுந்த இடம் பச்சையாகத் தெரிவதைக் கவனிச்சிருப்பீங்களே, காரணம் இதுதான்.

ஒரு மில்லிமீட்டர் = ஒரு அடி

கழுவியாச்சு, காய வெச்சாச்சு. இனி வரையலாமா? இங்கேதான் கணக்கு மிரட்டும். பேசும்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள். ஒரு நிமிடத்துக்கு 1,440. ஐந்து நிமிடப் படம் என்றால் 7,200. 35 எம்எம் ஃபிலிமில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் இடம், ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் அகலம், 16 மில்லிமீட்டர் உயரம். தபால்தலை அளவு. அதில் உங்கள் கை ஒரு மில்லிமீட்டர் நழுவினால், 5 மீட்டர் உயரத் திரையில் அது ஒரு அடி குதியாகத் தெரியும்!

வண்ணத்திலும் ஒரு பொறி இருக்கிறது. சுவருக்கு அடிக்கும் பெயின்ட் மாதிரி கெட்டியான சிவப்பைப் பூசினால் திரையில் சிவப்பு தெரியாது, கறுப்புதான் தெரியும். புரொஜெக்டர் ஒளியை அது அப்படியே மறைத்துவிடும். ஒளி ஊடுருவும் சாயமாக இருந்தால்தான் நிறம் திரைக்குப் போகும். கலர் கண்ணாடி ஜன்னல் மாதிரி.

மெக்லாரனும் அவருடைய கல்லூரி நண்பர் ஸ்டீவர்ட் மெக்அலிஸ்டரும் சேர்ந்து அந்தச் சுருளின் மேல் வண்ண மையால் வரைந்தார்கள். புரொஜெக்டரில் ஓட்டினார்கள். வண்ணங்கள் திரையில் துள்ளின. கையால் தீட்டிய அருவப் படம் என்பதுதான் அதன் பெயர்.

அந்தப் படம் இப்போ எங்கே?

யூடியூபில் தேடாதீங்க. கிடைக்காது. அந்தப் படம் இன்று எங்கேயுமே இல்லை.

காரணம் எளிமையானது. அவர்கள் வரைந்தது ஒரே ஒரு சுருள். அதற்கு நெகட்டிவ் கிடையாது, நகல் கிடையாது. வரைந்த அதே சுருளைத்தான் புரொஜெக்டரில் ஓட்டினார்கள். ஒவ்வொரு முறை ஓடும்போதும் புரொஜெக்டரின் பற்களும் தகடுகளும் மையை உரசும். ஓட ஓட, படம் தேய்ந்து அழிந்துபோனது.

யாரோ ஒருவரின் படத்தை அழித்து அதன் மேல் வரைந்தார். அவர் வரைந்ததும் அதே மாதிரி அழிந்தது. பிறகு ஃபிலிமில் வரைந்தபோதெல்லாம் மெக்லாரன் அதை மாஸ்டராக வைத்துக்கொண்டு, லேபில் பிரின்ட் எடுத்துத்தான் திரையிட்டார். அவருடைய கோடுகளை இன்றைக்கும் நாம் பார்க்க முடிவது அதனால்தான்.

நமக்கு முன்னாடியே ஒருத்தர்!

புதுசா ஒரு ஐடியா வந்து, நெட்ல தேடினா யாரோ ஏற்கெனவே அதைச் செஞ்சிருப்பாங்களே, அந்த வலி உங்களுக்குத் தெரியும்தானே? மெக்லாரனுக்கும் அது நடந்தது. நியூசிலாந்தைச் சேர்ந்த லென் லை, 1935-ல் லண்டனில் 'எ கலர் பாக்ஸ்' என்ற படத்தைக் கேமரா இல்லாமல், ஃபிலிமிலேயே வண்ணம் தீட்டி வெளியிட்டார். இத்தாலியில் கின்னா, கோர்ரா என்ற சகோதரர்கள் 1910-களின் தொடக்கத்திலேயே இதை முயன்றிருந்தார்கள். அவர்களுடைய சுருள்களும் இன்று இல்லை.

மெக்லாரன் சோர்ந்துவிடவில்லை. லென் லையின் படம் அவரைச் சொக்க வைத்தது. தன் பாதை சரிதான் என்று எடுத்துக்கொண்டார். அமெச்சூர் படவிழா ஒன்றில் அவருடைய மாணவர் படங்களைப் பார்த்த ஆவணப்பட மேதை ஜான் கிரியர்சன், பிரிட்டிஷ் தபால் துறையின் திரைப்படப் பிரிவுக்கு அவரை அழைத்துக்கொண்டார்.

அந்த 1936-லேயே உள்நாட்டுப் போர் நடந்த ஸ்பெயினுக்கு ஓர் ஆவணப்படத்தின் கேமராமேனாகப் போனார் மெக்லாரன். குண்டு விழுந்த மாட்ரிட் நகரத்தைக் கண்ணால் பார்த்தார். வண்ணப் புள்ளிகளை ஆடவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்த இளைஞருக்குள் போர் மீதான வெறுப்பு ஆழமாக இறங்கியது. அது கடைசி வரை போகவில்லை.

தபால் துறைக்காக அவர் விமானத் தபாலை விளம்பரப்படுத்தி வரைந்த படம் 'லவ் ஆன் தி விங்'. கடிதங்கள் காதலர்களாக மாறிக் கொஞ்சிக்கொள்ளும். கொஞ்சல் அதிகமாகிவிட்டது என்று துறை அமைச்சர் படத்தைத் தடுத்துவிட்டார்!

ஒலியையும் வரைந்தவர்

1939-ல் ஐரோப்பாவில் மீண்டும் போர். மெக்லாரன் நியூயார்க்குக்குப் போய்விட்டார். கூடவே கை குளோவர். 1937-ல் லண்டனில் சந்தித்த காதலர். அப்போது தொடங்கிய உறவு, மெக்லாரன் சாகும் வரை ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. அவர்கள் பிறகு வாழ்ந்த கனடாவில் ஆண்கள் இருவர் சேர்ந்து வாழும் உறவு 1969 வரை சட்டப்படி குற்றம் என்பதை நினைச்சுப் பாருங்க. வெளியே சொல்ல முடியாத வாழ்க்கைக்கு நடுவில்தான் அவ்வளவு குதூகலமான வண்ணங்கள்.

நியூயார்க்கில் இசைக்குழு இல்லை, மைக்கும் இல்லை. ஃபிலிமின் ஓரத்தில் ஒலிக்கென்று ஒரு மெல்லிய பட்டை உண்டு. அதில் இருக்கும் ஒளி, நிழல் வடிவங்களைப் புரொஜெக்டர் சத்தமாக மாற்றும். அப்படியென்றால் அங்கேயும் வரையலாமே? வரைந்தார். பேனாவால் போட்ட சின்னக் கோடுகள், டப் டப்பென்று ஒலித்தன. 1940-ல் 'டாட்ஸ்', 'லூப்ஸ்' என்ற இரண்டு படங்களுக்கும் காட்சி, ஒலி இரண்டுமே கையால் வரைந்தவை.

1941-ல் கிரியர்சன் மறுபடி அழைத்தார். இந்த முறை கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்கு. அங்கே அனிமேஷன் பிரிவைக் கட்டி எழுப்பியவர் மெக்லாரன். வரையும்போது கை நழுவாமல் இருக்க ஒரு கருவியையும் அமைத்தார். ஃபிலிமை அசையாமல் பிடித்துக்கொண்டு, முந்தைய படத்தின் பிம்பத்தை அடுத்த கட்டத்தின் மேல் காட்டும். இன்று அனிமேஷன் ஆப்களில் 'ஆனியன் ஸ்கின்' என்று ஒரு வசதி இருக்கிறதே, அதே வேலை!

கட்டத்தை மறந்த வண்ணம்

வாரியத்தில் அவருக்குக் கிடைத்த பெரிய துணை ஈவ்லின் லாம்பார்ட். கேட்கும் திறன் குறைந்த கலைஞர். இருவரும் சேர்ந்து 1949-ல் உருவாக்கிய 'பிகான் டல் கேர்' படம்தான் ஃபிலிமில் வண்ணம் தீட்டும் கலையின் உச்சம் என்று பலரும் சொல்வார்கள். ஜாஸ் பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சனின் இசையை முதலில் பதிவு செய்தார்கள். பிறகு அந்த இசைக்கு ஏற்ப ஃபிலிமில் நேரடியாகத் தீட்டினார்கள்.

ஒவ்வொரு கட்டமாக வரையும் பழக்கத்தைப் பல இடங்களில் இதில் விட்டுவிட்டார்கள். நீளமாக ஃபிலிமை விரித்து, கட்டக்கோடுகளைக் கண்டுகொள்ளாமல் சாயத்தைப் பூசினார்கள், தெளித்தார்கள், துணியின் நெசவை அதில் பதித்தார்கள். பூசிய சாயத்தைச் சுரண்டினார்கள். தூசி விழுந்தால் கலைஞர்கள் பதறுவார்கள். இவர்கள் தூசியையும் டிசைனில் சேர்த்துக்கொண்டார்கள். ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஒருமுறை பாருங்க. 70 வருஷத்துக்கு முன்னாடி செஞ்சதுன்னு நம்ப மாட்டீங்க.

ஒரு பூவுக்காக இரண்டு கொலை

அதே 1949-ல் யுனெஸ்கோ அவரைச் சீனாவுக்கு அனுப்பியது. கிராம சுகாதாரப் பிரசாரத்துக்குப் படம் வரைய உள்ளூர் கலைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. அவர் அங்கே இருந்தபோதே கம்யூனிஸ்ட் படைகள் அந்தப் பகுதியைக் கைப்பற்றின. திரும்பி வந்தால் கொரியாவில் போர். அங்கே பழகிய மனிதர்களையே எதிரிகள் என்று சொல்லும் செய்திகள் இங்கே.

புள்ளியும் கோடும் போதாது என்று தோன்றிய தருணம் அது. இந்த முறை கேமராவைக் கையில் எடுத்தார். 1952-ல் வெளிவந்த 'நெய்பர்ஸ்' எட்டே நிமிடம். இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள். எல்லையில் ஒரு பூ பூக்கிறது. யாருடையது என்று சண்டை. வேலி போடுகிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள், கடைசியில் இரண்டு பேருமே சாகிறார்கள். பொம்மைகளை நகர்த்தி நகர்த்திப் படமெடுப்பது போல நிஜ மனிதர்களையே ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி எடுத்தார். அதனால் அவர்கள் தரையில் வழுக்கிக்கொண்டு போவார்கள், காற்றில் மிதப்பார்கள்.

இருவரும் வெறியில் ஒருவர் குடும்பத்தை ஒருவர் தாக்கும் காட்சியும் அதில் இருந்தது. பல இடங்களில் அந்தக் காட்சியை வெட்டித்தான் காட்டினார்கள். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1960-களின் பிற்பகுதியில்தான் அது மறுபடி சேர்க்கப்பட்டது. 1953-ல் குறும் ஆவணப்படத்துக்கான ஆஸ்கரை வென்ற 'நெய்பர்ஸ்', 2009-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பிடித்தது.

இருட்டைச் சுரண்டி ஒரு படம்

1955-ல் மறுபடி ஃபிலிமுக்கே திரும்பினார். இந்த முறை தலைகீழாக. வெளுத்த ஃபிலிமுக்குப் பதிலாக, முழுக் கறுப்பு ஃபிலிம். எமல்ஷனைக் கழுவாமல், பிளேடாலும் ஊசியாலும் வேண்டிய இடத்தில் மட்டும் சுரண்டினார். சுரண்டிய இடம் ஒளியாகும். அதில் சாயம் வைத்தால் வண்ணம். பல கட்டங்களை அப்படியே இருட்டாக விட்டுவிட்டார். மின்னல் வெட்டினால் கண்ணுக்குள் கொஞ்ச நேரம் உருவம் நிற்குமே, அந்த நம்பிக்கையில். 'பிளிங்கிட்டி பிளாங்க்' என்ற அந்தப் படத்துக்கு, கான் விழாவில் குறும்படத்துக்கான தங்கப் பனை விருது கிடைத்தது.

நமக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு இருக்கு. 1950-களின் தொடக்கத்தில் யுனெஸ்கோ பணிக்காக இந்தியா வந்து சென்றவர் அவர். உட்கார விடாமல் அடம்பிடிக்கும் ஒரு நாற்காலியின் கதையான 'எ சேரி டேல்' (1957) படத்தில் நீங்க கேட்பது ரவிசங்கரின் சிதார், சதுர்லாலின் தபேலா!

1987 ஜனவரி 27-ல் மெக்லாரன் காலமானார். வயது 72.

நீங்களும் ட்ரை பண்ணப் போறீங்களா?

பழைய 16 அல்லது 35 எம்எம் துண்டு கிடைத்தால் தாராளமாகச் செய்து பாருங்க. சில எச்சரிக்கைகள்:

* ப்ளீச்சிங் திரவத்தைக் கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்துங்க. வினிகர், டாய்லெட் கிளீனர் போன்ற அமிலங்களோடு கலக்கவே கூடாது. விஷமான குளோரின் வாயு கிளம்பும்.
* 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய 35 எம்எம் ஃபிலிம் என்றால் தொடவே வேண்டாம். அது பெரும்பாலும் நைட்ரேட். சட்டெனத் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினாலும் அணையாது.
* வரைந்து முடித்ததும் முதல் வேலையாக ஸ்கேன் பண்ணிடுங்க. மெக்லாரனின் முதல் படத்துக்கு நேர்ந்தது உங்க படத்துக்கு வேண்டாம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். கையில் இருக்கும் சுருள் என்ன என்று தெரியாமல் ப்ளீச்சில் போடாதீங்க. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) பிரின்ட் இன்று நம்மிடம் இல்லை. நம் மௌனப் படங்களில் பெரும்பாலானவையும் போய்விட்டன. பரணில் கிடக்கும் ஒரு டப்பா, ஒரு படத்தின் கடைசிப் பிரதியாக இருக்கலாம். தாத்தா வீட்டுக் கல்யாணமாகவும் இருக்கலாம். முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. நூறு பிரின்ட்டில் ஒன்றாகத் தேய்ந்துபோன துண்டு என்று உறுதியாகத் தெரிந்தால், அப்புறம் கழுவுங்க.

கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் தளத்தில் மெக்லாரனின் படங்கள் பலவற்றை இலவசமாகப் பார்க்கலாம். 'பிகான் டல் கேர்', 'பிளிங்கிட்டி பிளாங்க்', 'நெய்பர்ஸ்' என்ற வரிசையில் ஆரம்பிங்க. மூன்றும் சேர்ந்து அரை மணி நேரம்கூட ஆகாது. கேமரா வாங்கக் காசில்லை, நல்ல போன் இல்லை என்று தள்ளிப்போட்டு வெச்சிருக்கும் ஒரு ஐடியா உங்ககிட்ட இருந்தா, பார்த்து முடிச்ச கையோட அதை எடுங்க.